இருசப்பனின் இடது விலா

கலையரசன் ஜோக் சொல்லி எதிரில் இருப்பவர் சிரிக்கவில்லை என்றால் அன்று அவனுக்குச் சோறு இறங்காது. அந்த வியாழக்கிழமை காலை ஒன்பதே காலுக்குள் அவனுடைய மூன்று ஜோக்குகள் வீணாகியிருந்தன.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, செருப்புக் கடைக்கு மாடியில் இருந்தது செல்வி துப்பறியும் நிலையம். நடத்துகிறவர் செந்தமிழ்ச்செல்வி, ஐம்பது வயது. இருபது வருஷம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்து, வக்கீலைவிட அதிகமாகச் சட்டம் பேச ஆரம்பித்ததால் வேலை போனவர். கலையரசன் அவருடைய பழைய ஓம்னி வேனுக்கு டிரைவர், ஆபீசுக்கு உதவியாளர், டீ வாங்க ஆள் இல்லாதபோது அதற்கும் அவனே. முப்பத்து நாலு வயதில் தொப்பை வைத்துவிட்டதைத் தவிர அவன் மேல் பெரிய குற்றம் எதுவும் கிடையாது.

எதிரில் உட்கார்ந்திருந்தவள் நிர்மலா. சங்கராபுரம் பக்கத்தில் ஒரு கொட்டாயில் குடித்தனம்; கரும்பு வெட்டக் கூலிக்குப் போகிறவள். இருபத்தாறு வயது இருக்கும். மடியில் ஒரு பெரிய பழுப்பு நிறக் கவர். கிழிந்த அதன் வாயை ஊக்கு போட்டு மூடியிருந்தாள்.

"எங்க ஆபீஸ் படியைக் கண்டுபுடிச்சு ஏறி வந்ததே பெரிய துப்புதாம்மா. பாதிப் பேரு கீழ செருப்பு வாங்கிக்கினு அப்டியே போயிடறாங்க" என்றான் கலையரசன். அது மூன்றாவது ஜோக்.

நிர்மலாவின் உதடு கொஞ்சம் கோணியது. சட்டென்று வலது கையால் இடது விலாவை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். "சிரிக்க வைக்காதீங்க அண்ணே. உங்களுக்குப் புண்ணியமா போவும்."

தம்பி ஜெயிலுக்குப் போகப்போகிறான் என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தவளுக்கு எப்படிச் சிரிப்பு வரும் என்று கலையரசன் தன்னைத் தேற்றிக்கொண்டான்.

"இவனை வுடு. நடந்ததைச் சொல்லு" என்றார் செல்வி.

"ஞாயித்துக்கிழமை எங்க வூட்டு வாசல்ல தகராறுங்க. என் தம்பி தமிழ்வேந்தன் மாமாவைப் புடிச்சுத் தள்ளிட்டான். அவரு கல்லு மேல வுழுந்துட்டாரு. மறுநாள் நான்தான் இங்க இட்டாந்து எக்ஸ்ரே எடுத்தேன். இடது விலாவுல ரெண்டு எலும்பு முறிஞ்சிருக்குதுன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள இதைக் கொண்டாந்து ஸ்டேஷன்ல குடுத்தா கேஸ் போடுவாங்களாம். போய்க் குடுத்துட்டு வான்னு என்னையே அனுப்பிட்டாங்க."

"தம்பி காலுக்கு விலங்கு, அதைக் கொண்டுபோறது அக்கா கையா?" என்றான் கலையரசன்.

"மாமான்னா மாமனாரா? பேரு இன்னா?" என்றார் செல்வி.

நிர்மலா கவரைத் திருப்பிக் காட்டினாள். கவர் மேல் ஒட்டியிருந்த சீட்டில் விரலை வைத்தாள். 'இருசப்பன்' என்று அச்சடித்திருந்தது.

"உன் வூட்டுக்காரர் பேரு?"

"அவரு லாரியில லோடு ஏத்தறாருங்க."

"பேரைக் கேட்டா தொழிலைச் சொல்லுதே" என்று முனகிய கலையரசனை செல்வி ஒரு முறை முறைத்தார்.

"சட்டம் இதுதாம்மா. தள்ளிவிட்டான், சிராய்ப்புன்னா ஸ்டேஷன்லயே பேசி அனுப்பிடுவாங்க. எலும்பு முறிஞ்சா அது கொடுங்காயம். கோர்ட்டு, ஜெயிலுன்னு போயிடும்."

"திங்கக்கிழமை அவன் கண்டக்டர் வேலையில சேரணுங்க. கேஸ் வுழுந்தா வேலை போச்சு. மாமா மறுநாளே டீக்கடைக்கு நடந்து போனாரு, நான் பார்த்தேன். எலும்பு முறிஞ்சவரு அப்டிப் போவாரா?"

"தகராறு எதுக்கு?"

"ஆடுங்க. என் தம்பி ஆடு எங்க மல்லாட்டைச் செடியில வாய் வச்சிடுச்சு."

"மல்லாட்டை வெதைக்க உங்களுக்கு நெலம் எவ்ளோ?"

"நெலமா? அதெல்லாம் ஏதுங்க, கூலிதான்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

செல்வி ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. கவரின் ஊக்கைக் கழற்றிப் படத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். கூண்டு மாதிரி விலா எலும்புகள். ஒரு பக்கத்தில் மார்க்கர் பேனாவால் இரண்டு அம்புக்குறிகள். கலையரசனுக்கு அம்புக்குறி மட்டும்தான் விளங்கியது. செல்வியின் பார்வையோ படத்தின் நடுவில் ஓர் இடத்தில் நின்றது. கையிலிருந்த ஊக்கை ஒரு தரம், படத்தை ஒரு தரம் பார்த்தார்.

"வண்டியை எடு கலை. இந்த எலும்பை எழுதின கையைப் பார்க்கணும்."

எக்ஸ்ரே நிலையம் துருகம் சாலையில் ஒரு சந்துக்குள் இருந்தது. நிர்மலா வேனிலேயே இருந்துகொண்டாள். "அங்க வர மாட்டேங்க" என்றதில் ஒரு பிடிவாதம் தெரிந்தது. அதையும் கலையரசன் மனதுக்குள் ஒரு கணக்கில் குறித்துக்கொண்டான்.

உரிமையாளர் ராஜாங்கம் நெற்றி நிறைய விபூதியோடு வரவேற்றார். செல்வியைக் கோர்ட்டு வாசலில் நிறைய தடவை பார்த்த ஞாபகம் அவருக்கு இருந்தது. அதனால் வரவேற்பில் ஒரு நடுக்கமும் இருந்தது.

"இந்த ரிப்போர்ட் எழுதின டாக்டர் யாரு?"

"டாக்டர் வாரத்துல ஒரு நாள் வருவாருங்க. இது அவசரம்னாங்க, நானே எழுதிட்டேன். ஒரு நாளைக்கு நாப்பது படம் பாக்கறேன் மேடம். அனுபவம்."

"எங்க ஆபீஸ் எதிர்ல ஒருத்தரு இருபது வருஷமா தினம் நூறு பஸ்ஸைப் பார்த்துக்கினு டீ ஆத்தறாரு. அவருகிட்ட ஸ்டியரிங்கைக் குடுத்தா நீங்க ஏறுவீங்களா?" என்றான் கலையரசன்.

ராஜாங்கம் சிரிக்கவில்லை. நாலாவதும் போச்சு.

"இதுக்கு முன்னாடி என்ன தொழிலு?" செல்வியின் குரல் சர்க்கரையாக இருந்தது.

"ஜெராக்ஸ் கடை. ஒருத்தர்கிட்ட ஆறு மாசம் கூடவே இருந்து இதைக் கத்துக்கினேன்."

செல்வி கம்ப்யூட்டரைத் திருப்பித் திங்கட்கிழமைப் பட்டியலைப் பார்த்தார். பத்து நாற்பதுக்கு இருசப்பன். பத்து ஐம்பதுக்கும் இருசப்பன்.

"ஒரே ஆளுக்கு ரெண்டு படமா?"

ராஜாங்கத்தின் விபூதி வேர்வையில் நனைந்தது. "ஒண்ணு சரியா வுழலைங்க. மறுபடி எடுத்தேன்."

"சரியா விழாதது எங்க?"

"தூக்கிப் போட்டுட்டேன்."

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். ராஜாங்கத்தின் நெஞ்சு குறுகுறுத்தது வாசல் வரை கேட்டது.

வெளியே வந்ததும் செல்வி படத்தைக் கலையரசன் முகத்துக்கு நேரே பிடித்தார். "நடுவுல, கழுத்துக்குக் கீழ பாரு. சின்ன வெள்ளைக் கோடு, ஒரு முனையில வளையம்."

கலையரசன் கண்ணைச் சுருக்கினான். பார்த்ததும் வாயைப் பிளந்தான். "ஊக்கு! தாலிக் கயித்துல மாட்டிக்கினு இருப்பாங்களே, அந்த ஊக்கு. ஏங்க்கா, இருசப்பன் தாலி கட்டிக்கினா படம் எடுத்தாரு?"

"இது ஏதோ ஒரு பொம்பளை படம். எலும்பு முறிஞ்ச எவளோ ஒருத்தி படத்தை எடுத்து, இருசப்பன் பேரை ஒட்டி வித்துட்டான் இந்த ஆளு. படமே பொய்."

"அப்போ கேஸ் முடிஞ்சுதா?"

"நாம சொன்னா ஸ்டேஷன்ல சிரிப்பாங்க. படிச்சவங்க கையெழுத்து வேணும். டாக்டர் ராதிகா இன்னிக்கு வெள்ளிமலையில முகாம்ல இருக்காங்க. முப்பது வருஷம் எக்ஸ்ரே மட்டுமே படிச்ச டாக்டர். மலை மேல போன் எடுக்காது, நேர்லதான் போகணும்." செல்வி வேன் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "அவ மேலயும் ஒரு கண்ணு வை. நெலமே இல்லாத வூட்டுல ஆடு எந்தச் செடியை மேஞ்சுதாம்? படம் எடுக்க இட்டாந்தவளும் அவதான். ராஜாங்கத்துக்கு உடந்தையா இருந்துட்டு இப்போ பயந்து போய் நம்மகிட்ட வந்திருக்கலாம்."

கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் கலையரசன் கண்ணாடியில் நிர்மலாவைக் கவனித்தான். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, வேன் கதவை ஒரு கையால் இறுக்கிப் பிடித்தாள். இருமல் வந்தபோது அதை இருமாமல் விழுங்கினாள். பயம்தான் என்று அவன் முடிவு செய்தான். மடியில் கனம் இருப்பவனுக்குத்தானே வழியில் பயம்.

"அந்த ஆடு இன்னா கலரும்மா?" என்று செல்வி சாதாரணமாகக் கேட்டார்.

"கறுப்புங்க."

"தம்பிகிட்ட எத்தனை ஆடு?"

"ரெண்டு... இல்லீங்க, மூணு."

"பார்த்தும்மா, மலை ஏறி முடிக்கறதுக்குள்ள மந்தையாயிடப் போவுது. வேன்ல எடம் கம்மி" என்றான் கலையரசன்.

நிர்மலாவுக்கு இந்தத் தடவை நிஜமாகவே சிரிப்பு வந்துவிட்டது. பாதியில் அது முறிந்தது. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குனிந்துவிட்டாள். நிமிர்ந்தபோது கண் நிறையத் தண்ணீர். நல்லா நடிக்கிறா என்று கலையரசன் நினைத்தான். பின்னால் அந்த நினைப்புக்காக அவனுக்குத் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது.

வெள்ளிமலையில் பள்ளிக்கூட வகுப்பறை ஒன்றில் முகாம் நடந்தது. மதியம் ஒன்றரை மணி. டாக்டர் ராதிகா கைகழுவிவிட்டுச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தவர், செல்வியைப் பார்த்ததும் மூடி வைத்தார். நிர்மலாவை வராந்தாவில் உட்காரச் சொல்லிவிட்டு மற்ற இருவரும் உள்ளே போனார்கள்.

"டாக்டர், இது ஆம்பளை படம்னு குடுத்திருக்காங்க. நடுவுல ஊக்கைப் பாருங்க" என்றார் செல்வி. பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய பெண்ணின் குரல் அது.

ராதிகா விளக்குப் பெட்டியில் படத்தை மாட்டினார். ஊக்கைப் பார்க்கவில்லை. மேல் மூலையில் ஆரம்பித்து, தோள்பட்டை, கழுத்து எலும்பு, நுரையீரல் என்று ஓரம் ஓரமாக வந்தார். அம்புக்குறி போட்ட இடத்துக்குக் கடைசியாகத்தான் வந்தார். சுவரில் பல்லி ஒன்று பாதி தூரம் போய்த் திரும்பும் அளவுக்கு நேரம் ஆனது.

"பொம்பளைதான். ஊக்கு இல்லைன்னாலும் தெரியும், மார்போட நிழல் விழுந்திருக்கு."

"அப்போ படம் பொய். ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க, நான் கிளம்பறேன்."

"உட்காரு செல்வி." டாக்டர் திரும்பவில்லை. "படம் எடுத்தவன் எலும்பு முறிவைக் கண்டுபிடிச்சான், அதோட நிறுத்திட்டான். நீ ஊக்கைக் கண்டுபிடிச்சே, அதோட நிறுத்திட்டே. தேடினது கிடைச்சதும் ரெண்டு பேருமே பாக்கறதை விட்டுட்டீங்க. நாங்க வருஷக்கணக்கா படிக்கறது எலும்பைக் கண்டுபிடிக்க இல்லை. ஒண்ணு கிடைச்ச பிறகும் கண்ணை எடுக்காம இருக்கத்தான்."

செல்வியிடம் இப்படி யாரும் சொல்லி கலையரசன் கேட்டதில்லை. அவனுக்குச் சிரிப்பு வரவேண்டும்; வரவில்லை.

"இந்த அம்புக்குறி ரெண்டையும் பாருங்க. இங்க எலும்பு தடிச்சுப் போயிருக்கு. முறிஞ்சு, அதுவா கூடி, ஆறிப்போன இடம். ஒரு வருஷத்துக்கு மேல இருக்கும். அடுத்தது இப்போதான் கூடிக்கிட்டு இருக்கு, ரெண்டு மாசம்னு வச்சுக்கலாம். ஞாயித்துக்கிழமை விழுந்த ஆளுக்குத் திங்கக்கிழமை இது தெரியாது." டாக்டரின் பேனா இரண்டு விரல் கீழே இறங்கியது. "ஆனா இங்க ஒண்ணு இருக்கு. மயிரிழை மாதிரி. ஓரம் கூர்மையா இருக்கு. புதுசு. இதுக்கு அவன் அம்புக்குறியே போடலை."

"மூணு முறிவு" என்றார் செல்வி மெல்ல.

"மூணு வெவ்வேற காலத்து முறிவு. எல்லாம் இடது பக்கம். யார் பண்ணாங்கன்னு படம் சொல்லாது, எப்போன்னுதான் சொல்லும், அதுவும் சுமாரா. ஆனா பொய்ப் படம்னு மட்டும் சொல்லாதே. இந்த எலும்புக்கு ஒரு பொம்பளை இருக்கா. நாலு நாளா அவ மூச்சு விடும்போதெல்லாம் வலிக்கும். இருமினா வலிக்கும். சிரிச்சா உயிர் போகும்."

கலையரசனுக்குக் காலையில் கேட்டது ஞாபகம் வந்தது. *சிரிக்க வைக்காதீங்க அண்ணே.* காலையிலிருந்து அவன் அவளுடைய முறிந்த எலும்பில் ஜோக் ஜோக்காக எறிந்துகொண்டிருந்திருக்கிறான்.

"அக்கா" என்றான். வராந்தாவைக் கைகாட்டினான்.

செல்விக்குப் புரிய ஒரு நொடிகூட ஆகவில்லை. அவர் முகம் அப்போது போன போக்கை அவன் அதற்கு முன் பார்த்ததில்லை.

நிர்மலா உள்ளே வந்து நின்றாள். விளக்குப் பெட்டியில் ஒளிர்ந்த படத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்தாள்.

"அந்த எக்ஸ்ரே கடையில ரெண்டாவது படம் யாருக்கும்மா எடுத்தது?" என்றார் செல்வி. குரலில் பழைய சர்க்கரை இல்லை.

"எனக்குத்தாங்க. நெஞ்சுல வலி தாங்க முடியலை. மாமா வெளிய பீடி குடிக்கப் போன நேரத்துல, எனக்கும் ஒண்ணு எடுங்கன்னு கேட்டேன்."

"அப்புறம் ஏன் அதுலயும் இருசப்பன்னு பேரு?"

"மொதல்ல பேரு கேட்டாங்க. மாமா பேரை என் வாயால எப்டிங்க சொல்றது? ரேஷன் கார்டை நீட்டினேன். அதுல மேல இருந்த பேரைப் போட்டுக்கினாரு. எனக்கு எடுக்கும்போது திரும்பக் கேக்கவேயில்லை."

"படத்தைப் பார்த்துட்டு என்ன சொன்னாரு?"

"உனக்கு ஒண்ணுமில்லை, வாயுப் பிடிப்பு, பெருங்காயத்தை மோர்ல கரைச்சுக் குடின்னாரு. குடிச்சேங்க. குடிச்சுட்டு மறுநாளு கரும்புக்கட்டு தூக்கப் போனேன்."

டாக்டர் ராதிகா கண்ணை மூடித் திறந்தார். "அவர் உனக்குக் குடுத்த படம் எங்க?"

நிர்மலா தோள்பையின் அடியிலிருந்து இன்னொரு கவரை எடுத்தாள். வீட்டில் வைக்கப் பயந்து அதைக் கூடவே கொண்டு அலைந்திருக்கிறாள். டாக்டர் அதைப் பக்கத்தில் மாட்டினார். அதே மூலையில் ஆரம்பித்து, அதே மாதிரி மெதுவாகப் பார்த்தார்.

"ஆம்பளை. வயசானவர். பீடி குடிச்ச நுரையீரல். விலாவுல முறிவு எதுவும் தெரியலை. இதுதான் உன் மாமனார். ரெண்டுலயும் ஒரே பேரு இருந்ததால அவன் கவரை மாத்திப் போட்டுட்டான்."

"அப்போ என் தம்பி?" என்றாள் நிர்மலா.

"தம்பிக்குக் கொடுங்காயக் கேஸ் நிக்காது" என்றார் செல்வி. "ஆனா அவன் எதுக்கு உன் மாமனாரைத் தள்ளினான்? ஆட்டை வுட்டுட்டுச் சொல்லு."

நிர்மலா சுவரோரம் இருந்த மாணவர் பெஞ்சில் உட்கார்ந்தாள். "வேலை கெடைச்சுதுன்னு சொல்ல ஜாங்கிரி வாங்கிக்கினு வந்தான். வந்த நேரத்துல அவரு என்னை ஒதைச்சுக்கினு இருந்தாரு. தம்பி உள்ள ஓடியாந்தான். மாமா வாசப்படியில குறுக்க நின்னுக்கினு, இது புருஷன் பொண்டாட்டி விஷயம், நீ யார்றான்னாரு. அவரைத் தள்ளிட்டுத்தான் உள்ள வந்தான்." புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அவனை வெளிய இதைச் சொல்லக்கூடாதுன்னு நான்தான் சத்தியம் வாங்கினேன். சொன்னா நான் எங்க போறதுங்க?"

கலையரசனுக்கு அழுகை வந்தது. அவன் அதை மறைக்கவும் இல்லை.

செல்வி போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "உன்னைத் திருடி மாதிரி கேள்வி கேட்டேன், மனசுல வச்சுக்காதே. எங்க போறதுன்னு கேட்டியே, இன்னிக்கு என் வூடு இருக்குது. நாளைக்கு என்னன்னு நாளைக்குப் பார்க்கலாம். ஆனா சொல்லணுமா வேணாமான்னு நீதான் முடிவு பண்ணணும். மாமனார் படத்தை மட்டும் குடுத்தாலே உன் தம்பி தப்பிச்சுடுவான்."

நிர்மலா இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு எழுந்து, முதல் படத்தின் மூலையில் இருசப்பன் என்று இருந்த இடத்தைத் தொட்டாள்.

"இதுல இருக்கறது என் எலும்புதானுங்களே? அப்போ என் பேரைப் போட்டு எழுதிக் குடுங்க. ரெண்டையும் நானே ஸ்டேஷன்ல குடுக்கறேன்."

டாக்டர் காகிதத்தை இழுத்தார். "இதைப் பார்த்ததா எழுதறேன். கீழ பெரிய ஆஸ்பத்திரியில உன் பேர்லயே புதுசா ஒரு படமும் எடுக்கணும். பேரு?"

"நிர்மலா."

"வயசு?"

"இருவத்தாறு."

"எப்படி அடிபட்டது? கீழ விழுந்ததுன்னு எழுதவா?"

"வுழலைங்க. ஒதைச்சாரு."

"யாரு?"

பழக்கத்தில் அவள் கை பைக்குள் போனது. ரேஷன் கார்டின் முனை வெளியே தெரிந்தது. அதில் இரண்டாவது வரியில் இருக்கும் பேரை அவள் ஏழு வருஷமாக யாரிடமும் உச்சரித்ததில்லை. கடைக்காரனிடமும் கார்டைத்தான் நீட்டுவாள், நர்ஸிடமும் கார்டைத்தான் நீட்டுவாள். விரல்கள் ஒரு நிமிஷம் அங்கேயே இருந்தன. கார்டைத் திரும்ப உள்ளே தள்ளிவிட்டு, கையை வெளியே எடுத்தாள்.

"இளவரசன்" என்றாள். டாக்டருக்குக் கேட்டதோ இல்லையோ என்று இன்னொரு முறையும் சொன்னாள். "என் வூட்டுக்காரரு பேரு இளவரசன்."

மணி இரண்டரை. ஐந்துக்குள் ஸ்டேஷனுக்குப் போய்விடலாம். கலையரசன் தன் சீட்டுத் தலையணையை எடுத்து அவள் இடது பக்கம் வைத்தான். இறங்கும் வழியெல்லாம் ஒவ்வொரு வளைவையும் நடக்கிற வேகத்தில் எடுத்தான். ஒரு ஜோக்கும் சொல்லவில்லை.